உங்கள் விடைத்தாளை யார் படிக்கிறார்கள்? வேலைக்கு நடுவே ஆன்லைனில் படிப்பவர்கள் கேட்க வேண்டிய கேள்வி

வேலைக்குப் போய்க்கொண்டே, வீட்டையும் பார்த்துக்கொண்டே ஆன்லைனில் ஏதாவது படிக்கலாமா என்று யோசிப்பவர்கள் வழக்கமாக மூன்று விஷயங்களை விசாரிக்கிறார்கள். கட்டணம் எவ்வளவு, எத்தனை மாதம் பிடிக்கும், சான்றிதழுக்கு மதிப்பு உண்டா. மூன்றும் விசாரிக்க வேண்டியவைதான். ஆனால் சேர்ந்த படிப்பை முடிப்போமா, முடித்த பிறகு அதில் ஏதாவது மனதில் மிஞ்சுமா என்பதைப் பெருமளவு தீர்மானிக்கிற நான்காவது கேள்வி ஒன்று இருக்கிறது. அதை அநேகமாக யாரும் கேட்பதில்லை. நாம் எழுதி அனுப்புவதை அந்தப் பக்கத்தில் யார் படிக்கிறார்கள்? படித்துவிட்டு என்ன பதில் அனுப்புகிறார்கள்?

தொலைதூரக் கல்வியில் பாடத்தை அனுப்புவது எப்போதுமே சுலபமான பாதி. பதில் அனுப்புவதுதான் செலவு பிடிக்கிற பாதி. 1840இல் பிரிட்டனில் நாட்டின் எந்த மூலைக்கும் ஒரு பென்னியில் கடிதம் அனுப்பலாம் என்ற ஏற்பாடு வந்தது. அதே ஆண்டில் ஐசக் பிட்மன் தன் சுருக்கெழுத்து முறையைத் தபாலில் கற்பிக்கத் தொடங்கினார். மாணவர் ஒரு பகுதியைச் சுருக்கெழுத்தில் எழுதி அனுப்புவார். பிழைகள் திருத்தப்பட்டு அது அவருக்கே திரும்பி வரும். தபால் மலிவானதால்தான் இந்தப் போக்குவரத்து கட்டுப்படியானது.

1858இல் லண்டன் பல்கலைக்கழகம் வேறு வழியில் போனது. எங்கே வேண்டுமானாலும் படித்துக்கொள்ளுங்கள், தேர்வை மட்டும் நாங்கள் நடத்துகிறோம் என்றது. கற்றுக்கொள்ளும் பொறுப்பு முழுக்க மாணவர் தலையில். இருபதாம் நூற்றாண்டில் தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகம் தபால் வழிப் படிப்பையே தன் முழுநேரப் பணியாக எடுத்துக்கொண்டது. நெல்சன் மண்டேலா இளமையில் பாதியில் நின்றுபோன சட்டப் பட்டத்தை அதன் வழியாகத்தான் 1989இல், சிறையில் இருந்தபடியே முடித்தார். அப்போது அவர் எழுபது வயதைத் தொட்டிருந்தார். அந்த அளவு மன உறுதி எல்லோருக்கும் வாய்த்துவிடுவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சாதாரண மனிதர்களை மனதில் வைத்துக் கட்டப்பட்டது பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். 1969இல் தொடங்கப்பட்டு, 1971இல் மாணவர்களைச் சேர்த்தது. சேர்வதற்கு முன்தகுதி எதுவும் கேட்கவில்லை. பாடங்கள் பிபிசி வானொலியிலும் தொலைக்காட்சியிலும் வந்ததால், வெளியில் இருந்தவர்களுக்கு அது ‘டிவியில் நடக்கிற காலேஜ்’ என்றே தெரிந்தது. உண்மையில் அதைத் தாங்கிப் பிடித்தது வேறு. ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு பயிற்றுநர் ஒதுக்கப்பட்டிருந்தார். அவர் கட்டுரைகளைத் திருத்தி, ஓரத்தில் குறிப்பெழுதித் திருப்பி அனுப்பினார். கோடையில் ஒரு வாரம் நேரில் கூடிப் படிக்கும் முகாம்களும் நடந்தன. ஒளிபரப்பு முகமாக இருந்தது; முதுகெலும்பு அந்தத் திருத்திய தாள்கள்தான்.

இணையம் வந்ததும் பாடத்தை அனுப்பும் செலவு ஏறக்குறைய பூஜ்யத்துக்கு இறங்கியது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் தன் பாடக் குறிப்புகளை இலவசமாகப் பொதுவில் வைப்பதாக 2001இல் அறிவித்தது. 2011இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் செபாஸ்டியன் த்ரன், பீட்டர் நார்விக் இருவரும் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை உலகுக்கே திறந்துவிட்டபோது சுமார் 1,60,000 பேர் பெயர் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டே கோர்செரா, யுடாசிட்டி, எட்எக்ஸ் என்ற மூன்று ஆன்லைன் பாடத் தளங்களும் களத்தில் இருந்தன. உயர்கல்வியின் முகமே மாறப்போகிறது என்று பேசினார்கள். ஆனால் ஒன்றரை லட்சம் பேரின் விடைத்தாளை எந்த ஆசிரியரும் படிக்க முடியாது. திருத்தும் வேலை கணினிக்கும் சக மாணவர்களுக்கும் போனது. தொலைதூரக் கல்வியின் செலவு பிடிக்கிற பாதி சத்தமில்லாமல் கழன்று விழுந்தது.

மூன்று சதவீதம் என்ற கணக்கு

விளைவு எண்களில் தெரிந்தது. ஹார்வர்டும் எம்ஐடியும் எட்எக்ஸ் தளத்தில் நடத்திய பாடங்களின் ஆறு ஆண்டுத் தரவுகளை ஆராய்ந்த ஒரு கட்டுரை 2019இல் சயின்ஸ் இதழில் வந்தது. 2017-18இல் பதிவு செய்தவர்களில் பாடத்தை முடித்தவர்கள் 3.13 சதவீதம். அதுவும் ஆண்டுக்காண்டு ஏறவில்லை.

இந்த ஒற்றை எண்ணை வைத்து ஆன்லைன் படிப்பே வீண் என்று சொல்பவர்கள் உண்டு. அது நியாயமான வாசிப்பு இல்லை. அதே ஆய்வின்படி பதிவு செய்தவர்களில் பாதிக்கு மேல், 52 சதவீதம் பேர், பாடத்தை ஒருமுறைகூடத் திறந்து பார்க்கவில்லை. இலவசம் என்றதும் ஒரு பொத்தானை அமுக்கியவர்கள் அவர்கள். மாணவர்கள் என்று எண்ணுவதே சரியில்லை. வேறு சிலருக்கு ஒரே ஒரு பகுதிதான் தேவைப்பட்டிருக்கும். பார்த்தார்கள், போனார்கள். அதைத் தோல்வி என்று சொல்ல முடியாது. பணம் கட்டிச் சான்றிதழுக்குப் பதிவு செய்தவர்களை மட்டும் எடுத்தால் 46 சதவீதம் பேர் முடித்திருக்கிறார்கள். பணம் கட்டியதால் படித்தார்களா, படிக்கும் எண்ணம் ஏற்கெனவே இருந்ததால் பணம் கட்டினார்களா என்று கேட்டால், பெரும்பாலும் இரண்டாவதுதான் என்பது என் எண்ணம். ஆனால் அவர்களிலும் பாதிக்கு மேல் நடுவிலேயே நின்றுவிட்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

பெரியவர்களுக்கு உள்ள அனுகூலம்

ஆன்லைன் படிப்பு இளைஞர்களுக்கானது, வயதானால் ஒத்துவராது என்ற நினைப்பு பரவலாக இருக்கிறது. தரவுகள் அப்படிச் சொல்லவில்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலச் சமுதாயக் கல்லூரிகளில் ஆயிரக்கணக்கான மாணவர்களின் மதிப்பெண்களைப் பின்தொடர்ந்த ஒரு பெரிய ஆய்வு, வகுப்பறையிலிருந்து ஆன்லைனுக்கு மாறும்போது எல்லோருமே கொஞ்சம் சறுக்குகிறார்கள் என்று கண்டது. அதிகம் சறுக்கியவர்கள் இளையவர்களும், ஏற்கெனவே குறைந்த மதிப்பெண் வாங்கிவந்தவர்களும்தான். வயதில் மூத்தவர்கள் ஓரளவு சமாளித்துக்கொண்டார்கள்.

காரணத்தை ஊகிப்பது கடினமில்லை. நாற்பது வயதில் கணக்கியல் படிக்க உட்காருபவர் ஏன் உட்காருகிறார் என்பது அவருக்குத் தெரியும். பாடத்தில் வரும் ஒரு கருத்தை மாட்டிவைக்க அவரிடம் பதினைந்து வருட அனுபவம் என்ற ஆணி இருக்கிறது. இன்று இரவு படித்ததை நாளைக் காலை அலுவலகத்தில் பயன்படுத்திப் பார்க்கலாம். இன்னொரு அனுகூலத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை: கூச்சப்பட வேண்டியதில்லை. தன் பிள்ளை வயதுள்ளவர்கள் நடுவே அமர்ந்து, ‘இது எனக்குப் புரியவில்லை’ என்று கையைத் தூக்கப் பலருக்கு மனம் வராது. வீடியோவை நான்கு தடவை பின்னால் ஓட்டிப் பார்ப்பதை யாரும் பார்க்கப் போவதில்லை. காது சரியாகக் கேட்காதவர்களுக்கு வசன வரிகள் வருகின்றன. கைக்குழந்தையோ படுக்கையில் இருக்கும் பெற்றோரோ உள்ள வீட்டில், குறிப்பிட்ட மணிக்குக் கல்லூரியில் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனைதான் பெரும்பாலும் படிப்பை முடியாததாக்குகிறது. அந்த நிபந்தனை போய்விட்டால் பாதித் தடை போய்விட்டது.

ஆனால் அதே நிபந்தனைதான் வகுப்பறையில் நம்மைப் படிக்க வைத்துக்கொண்டும் இருந்தது. மணி அடிக்கும், ஆசிரியர் வருவார், பக்கத்தில் இருப்பவர் நோட்டைத் திறப்பார். அந்த வற்புறுத்தல் எல்லாம் ஆன்லைனில் இல்லை. அந்த இடத்தை வேறு எதைக்கொண்டு நிரப்பப் போகிறோம் என்பதுதான் சிக்கல். திட்டமிட்டால் போதும் என்பார்கள். சுமார் 250 பாடங்கள், இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான மாணவர்கள் என்று பெரிய அளவில் இதைச் சோதித்த ஆய்வாளர்கள் 2020இல் முடிவுகளை வெளியிட்டார்கள். எப்போது, எங்கே படிப்பேன் என்று முன்கூட்டியே எழுதிவைக்கச் சொன்னதில் முதல் சில வாரங்கள் ஈடுபாடு கூடியது. இறுதியில் முடித்தவர்களின் விகிதத்தில் குறிப்பிடும்படி மாற்றமில்லை. அட்டவணை போடுவது நல்லதுதான். அது தனியாக ஒருவரைக் கடைசி வாரம் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை.

பார்த்தது படித்ததாகாது

வீடியோ பாடத்தில் ஒரு மயக்கம் இருக்கிறது. நன்றாக விளக்கும் ஆசிரியரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது எல்லாம் புரிந்துவிட்டதுபோல் தோன்றும். உண்மையில் புரியவும் செய்யும், ஆனால் தங்காது. ரோடிகர், கார்பிகி என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட சோதனை இதற்கு நல்ல சாட்சி. ஒரு குழு ஒரு பகுதியை நான்கு சுற்றும் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு ஒரு சுற்று மட்டும் படித்துவிட்டு, மீதி மூன்று சுற்றும் பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் திரும்பப் படித்தவர்கள் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அவர்களுக்கு நினைவிருந்தது 40 சதவீதம். எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம். இதில் வேடிக்கை என்னவென்றால், நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியவர்கள் முதல் குழுவினர்.

ஆகவே எந்தப் பாடமானாலும் வீடியோவை நிறுத்திவிட்டு, வெற்றுத் தாளில் நினைவில் இருப்பதை எழுதிப் பார்க்கலாம். இதற்குப் பணம் வேண்டாம், ஆசிரியர் வேண்டாம். எட்எக்ஸ் தளத்தில் பல லட்சம் முறை வீடியோக்கள் பார்க்கப்பட்ட பதிவுகளை ஆராய்ந்தபோது, வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் பாதிப் பேர் அதிகபட்சம் ஆறு நிமிடம்தான் அதில் நின்றார்கள் என்று 2014இல் தெரிய வந்தது. ஒரு மணி நேர வகுப்பை அப்படியே படம் பிடித்து ஏற்றியிருக்கும் படிப்பு என்றால், அதை நடத்துபவர்கள் இதையெல்லாம் யோசிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

சரி, தாளில் எழுதிப் பார்த்தோம். எழுதியது சரியா என்று யார் சொல்வது? இங்கேதான் பாடத்துக்குப் பாடம் வித்தியாசம் வருகிறது. கணினி நிரல் எழுதினால், அது ஓடுகிறதா இல்லையா என்பதை இயந்திரமே அந்த நொடியில் சொல்லிவிடும். விரிதாளில் சூத்திரம் தவறினால் கூட்டுத்தொகை காட்டிக்கொடுத்துவிடும். இப்படிப்பட்ட பாடங்களுக்கு இலவசப் படிப்பே பெரும்பாலும் போதும், ஆசிரியர் இல்லாவிட்டாலும் பெரிய நஷ்டமில்லை. ஒரு மொழியைப் பேசுவது, கட்டுரை எழுதுவது, ஆட்களை நிர்வகிப்பது, மனநல ஆலோசனை தருவது போன்றவற்றில் நாம் செய்த தவறு தானாகக் கண்ணில் படாது. ஆறு மாதம் தப்பாகவே பழகி, அதையே திறமை என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். இவற்றை யாரும் திருத்தாத படிப்பில் சேர்ந்து கற்பது, என் பார்வையில், காசு மிச்சமானாலும் காலம் வீண்.

திருத்துவது மனிதராகத்தான் இருக்க வேண்டுமா? அவசியமில்லை என்றே ஆய்வுகள் சொல்கின்றன. கர்ட் வான்லென் என்ற ஆய்வாளர் 2011இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார். விடை சரி, தவறு என்று மட்டும் சொல்லும் மென்பொருளால் ஓரளவு பயன் கிடைத்தது. மாணவர் போடும் ஒவ்வொரு படியையும் பார்த்து, எந்தப் படியில் பிசகினார் என்று சுட்டும் மென்பொருளால் அதைப்போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு பயன். தனியாக உட்கார்ந்து சொல்லித்தரும் மனித ஆசிரியர் இந்த இரண்டாவதைவிட ஒரு மயிரிழைதான் மேலே இருந்தார். இப்போது பல படிப்புகள் செயற்கை நுண்ணறிவு உதவியாளரைச் சேர்த்துத் தருகின்றன. அதை எடைபோடவும் இதே அளவுகோல் போதும். நாம் போட்ட படிகளைப் பார்த்துப் பேசுகிறதா, அல்லது கேட்டவுடன் முழு விடையையும் எழுதிக் கொடுத்துவிடுகிறதா? இரண்டாவது வகை உதவியாளர் நம் வேலையைச் செய்துவிடும், நமக்குக் கற்றுத்தராது.

மணிக்கணக்கு

நேர விஷயத்தில் விளம்பரங்கள் கொஞ்சம் தாராளமாகவே இருக்கும். ‘வாரம் மூன்று மணி நேரம் போதும்’ என்றால், பல இடங்களில் அது வீடியோ ஓடும் நேரம் மட்டுமே. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களின் பொதுவான அளவைப்படி ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. ஓராண்டு முழுநேரப் படிப்பு 60 கிரெடிட், அதாவது குறைந்தது 1,500 மணி நேரம். வாரத்துக்குப் பத்து மணி நேரம் ஒதுக்க முடிகிறவருக்கு இது 150 வாரம். ஒரு வருடப் படிப்பு என்று நினைத்தது ஏறக்குறைய மூன்று வருடமாகிறது. இந்தக் கணக்கைச் சேர்வதற்கு முன்பே போட்டுவிடுவது மேல். நடுவில் தெரிய வந்தால் மனம் விட்டுப்போகும்.

அந்தப் பத்து மணி நேரம் வானத்திலிருந்து வரப்போவதில்லை. தூக்கத்திலிருந்தோ வீட்டாரோடு இருக்கும் நேரத்திலிருந்தோதான் வர வேண்டும். வீட்டில் இருப்பவர்களிடம் முதலிலேயே பேசி, எந்த வேலையை யார் எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்துகொண்டவர்களுக்கும், ‘எப்படியாவது சமாளிப்போம்’ என்று இறங்கியவர்களுக்கும் மூன்றாவது மாதத்தில் வித்தியாசம் தெரியும். வீட்டில் உட்கார்ந்திருப்பவர் சும்மா இருக்கிறார் என்றுதான் மற்றவர்கள் நினைப்பார்கள், அது இயல்பு.

நேரலை வகுப்பா, பதிவு செய்த வகுப்பா என்பதிலும் பலர் பதிவு செய்ததையே விரும்புகிறார்கள். ஷிஃப்ட் வேலையில் இருப்பவர்களுக்கு வேறு வழியும் இல்லை. முடிகிறவர்கள் வாரம் ஒருமுறையாவது நேரலை உள்ள படிப்பைப் பார்ப்பது நல்லது. ஒரே நாளில் தொடங்கி ஒரே நாளில் தேர்வெழுதும் குழுவோடு சேர்ந்து படிக்கும்போது, வகுப்பறையில் இருந்த அந்த வற்புறுத்தலில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கிறது.

சான்றிதழ், தேர்வு, சிறிய எழுத்துகள்

ஆன்லைன் சான்றிதழ்கள் எல்லாம் ஒரே ரகம் இல்லை. வீடியோக்களைப் பார்த்து முடித்ததற்குத் தருவது ஒன்று. கண்காணிக்கப்பட்ட தேர்வில் தேறியதற்குத் தருவது இன்னொன்று. அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகம் தரும் கிரெடிட்டோ பட்டமோ வேறு. அங்கீகாரத்தை நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் பார்ப்பதில் அர்த்தமில்லை. அங்கீகாரம் கொடுக்கும் அமைப்பின் பட்டியலில் பார்க்க வேண்டும். போலி அங்கீகார அமைப்புகளையே உருவாக்கி வைத்துக்கொண்டு பட்டம் விற்பவர்கள் உண்டு. வாழ்க்கை அனுபவத்துக்குச் சில வாரங்களில் முழுப் பட்டம் என்று யாராவது சொன்னால் அங்கேயே விலகிவிடலாம். முன் அனுபவத்தை மதிப்பிட்டுச் சில பாடங்களுக்கு விலக்குத் தரும் முறை பல நல்ல பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. அங்கே ஆதாரம் கேட்பார்கள், பரிசீலிப்பார்கள், முழுப் பட்டத்தையும் தூக்கிக் கொடுக்க மாட்டார்கள்.

செவிலியர், ஆசிரியர், வழக்கறிஞர் போன்ற உரிமம் தேவைப்படும் தொழில்களுக்கு இன்னும் ஒரு படி உண்டு. பட்டம் செல்லும் என்பது வேறு, அந்தப் பட்டத்தை வைத்து உரிமம் கிடைக்கும் என்பது வேறு. நேரடிப் பயிற்சி எத்தனை மணி நேரம் வேண்டும், அதை எங்கே செய்வது என்பதை உரிமம் தரும் அமைப்பிடமே கேட்டுவிட வேண்டும். வீட்டிலிருந்தே எழுதும் தேர்வுகளில் கேமரா வழியே அறையையும் திரையையும் கண்காணிப்பார்கள். தனி அறை இல்லாதவர்களுக்கும், குழந்தை எந்த நேரமும் உள்ளே வரக்கூடிய வீடுகளுக்கும் இது உண்மையான தொந்தரவு. தேர்வு மையத்துக்குப் போய் எழுதும் வழி இருக்கிறதா என்று விசாரித்து வைத்துக்கொள்ளலாம்.

இனி முதலில் சொன்ன கேள்விக்கு வருவோம். அதைச் சேர்க்கைப் பிரிவில் கேட்டால் ‘முழு ஆதரவு உண்டு’ என்ற பதில்தான் வரும். அதனால் கொஞ்சம் குறிப்பாகக் கேட்க வேண்டும். ஒரு பயிற்றுநரிடம் எத்தனை மாணவர்கள்? அசைன்மென்ட் அனுப்பினால் எத்தனை நாளில் திரும்பி வரும்? மதிப்பெண் மட்டும் வருமா, குறிப்புகளும் வருமா? பெயரை மறைத்து, திருத்திய பழைய தாள் ஒன்றைக் காட்ட முடியுமா? கடைசிக் கேள்விக்குத் தயங்காமல் ஒரு மாதிரியை அனுப்பிவைக்கும் நிறுவனத்தை மற்றவற்றைவிட மேலே வைப்பேன். படிப்பை முடித்த ஒருவரிடமும் இதையே கேட்டுப் பார்க்கலாம். சந்தேகம் கேட்டு எழுதியபோது பதில் எழுதிய மனிதரின் பெயர் அவருக்கு நினைவிருக்கிறதா என்று.

அப்புறம், பெரும்பாலான படிப்புகளில் முழுக் கட்டணத்தையும் திரும்பப் பெற ஒரு கெடு இருக்கும். அந்தத் தேதியைக் குறித்துவைத்துக்கொண்டு, முதல் அசைன்மென்ட்டைக் கடைசி நாள் வரை தள்ளிப்போடாமல் சீக்கிரமே அனுப்பிவிடுங்கள். வேண்டுமென்றே ஒரு சந்தேகத்தையும் அதில் எழுதிக் கேளுங்கள். கெடு முடிவதற்குள் திரும்பி வருகிறதா, வந்தால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டுத் தொடரலாமா, பணத்தைத் திரும்ப வாங்கலாமா என்று முடிவு செய்துகொள்ளலாம்.